காரியத்துக்குதவாத வைத்தியர்கள்

எனக்காக ஜெபித்தவர்களின் கணக்கு என்னிடம் இல்லை. விரல் முட்டுகள் வீங்கி, காலையில் எழுந்ததும் கை மடங்க மறுக்கத் தொடங்கிய காலத்திலிருந்து யார் யாரோ ஜெபித்திருக்கிறார்கள். தலையில் கை வைத்தவர்கள் உண்டு. எண்ணெய் பூசியவர்கள் உண்டு. போனிலேயே நெடுநேரம் ஜெபித்துவிட்டு, "ஆமென் சொல்லுங்க சிஸ்டர், சத்தமா சொல்லுங்க" என்றவர்கள் உண்டு. நான் கேட்காமலே எனக்காக உபவாசம் இருந்த ஒரு வயதான அம்மாவும் உண்டு. இவர்கள்மேல் எனக்கு நன்றியைத் தவிர வேறொன்றும் இல்லை என்று எழுத ஆசைதான். எழுதினால் அது பாதி உண்மையாகத்தான் இருக்கும்.

முடக்குவாதம் ஒரே நேராகப் போகிற நோய் அல்ல. உடம்பின் எதிர்ப்புச் சக்தி தன் மூட்டுகளையே பகையென்று நினைத்துத் தாக்கும். சில மாதம் ஏறும், சில மாதம் தணியும். வாரம் ஒருநாள் மெத்தோட்ரெக்சேட் மாத்திரை, கூடவே ஃபோலிக் ஆசிட், அவ்வப்போது ரத்தம் எடுத்து அழற்சியைக் காட்டும் ஈஎஸ்ஆர், சிஆர்பி அளவுகளைப் பார்ப்பது என்று என் காலம் ஓடுகிறது. ஆராதனை முடிந்து வெளியே வரும்போது யாராவது அன்போடு கையைப் பிடித்துக்கொள்வார்கள் (அந்தப் பிடியே வலிக்கும், சொல்ல முடியாது). "இன்னும் சரியாகலையா சிஸ்டர்?" என்பது முதல் கேள்வி. "மாத்திரைய இன்னும் விடலையா?" என்பது அடுத்தது. மூன்றாவது கேள்வியை யாரும் வாய்விட்டுக் கேட்பதில்லை. உன் விசுவாசத்தில் எங்கே ஓட்டை என்று முகம் கேட்கும்.

அந்த மூன்றாவது கேள்வியைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். தேவன் சுகமாக்குவாரா என்ற விவாதத்தில் எனக்கு ஆர்வம் இல்லை. சுகமாக்குவார் என்றே நம்புகிறேன், இன்றும் கேட்கிறேன். சுகம் வராதபோது பழி யார் தலையில் விழுகிறது, வேதத்தில் அது யார் தலையில் விழுந்தது என்பதைத்தான் திரும்பத் திரும்ப வாசித்துப் பார்க்கிறேன்.

முதலில் எதிர்த்தரப்பை நியாயமாகச் சொல்லிவிட வேண்டும். தெய்வீக சுகத்தைப் போதிப்பவர்கள் காற்றில் பேசுவதில்லை. "நானே உன் பரிகாரியாகிய கர்த்தர்" என்று யாத்திராகமம் 15-ல் இருக்கிறது. ஏசாயா 53-ல் "அவருடைய தழும்புகளால் குணமாகிறோம்" என்று இருக்கிறது. இயேசு பேதுருவின் மாமியையும் மற்ற நோயாளிகளையும் குணமாக்கியதைச் சொல்லிவிட்டு, "அவர் தாமே நம்முடைய பெலவீனங்களை ஏற்றுக்கொண்டு, நம்முடைய நோய்களைச் சுமந்தார்" என்று அதே ஏசாயாவைத்தான் மத்தேயு மேற்கோள் காட்டுகிறார். எனவே பாவத்துக்கு மட்டுமல்ல, நோய்க்கும் சிலுவையிலேயே தீர்வு உண்டாகிவிட்டது என்கிறார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஏ. ஜே. கார்டன், ஏ. பி. சிம்ப்சன் போன்ற போதகர்கள் இதை ஒரு முழு உபதேசமாக வளர்த்தார்கள். சிம்ப்சனுக்குக் கிறிஸ்து இரட்சகர், பரிசுத்தமாக்குகிறவர், சுகமளிக்கிறவர், திரும்ப வரும் ராஜா. 1906-ல் லாஸ் ஏஞ்சலஸ் நகரின் அசூசா தெருவில் எழுந்த பெந்தெகொஸ்தே எழுப்புதலோடு இந்த உபதேசமும் சேர்ந்து உலகம் முழுக்கப் பரவியது. நம்மில் பலர் அதன் பேரப்பிள்ளைகள்தான்.

எனக்கு இதில் பெரிய சண்டை இல்லை. சண்டை அடுத்த படியில் வருகிறது. இ. டபிள்யூ. கென்யன், அவருக்குப் பின் கென்னத் ஹேகின் ஆகிய அமெரிக்கப் போதகர்கள் வழியாக வந்த போதனை ஒரு முடிச்சைக் கூடுதலாகப் போட்டது. சுகம் ஏற்கெனவே கிடைத்தாகிவிட்டது. தேவனுடைய சித்தம் எப்போதும் சுகமே. அறிகுறிகளைப் பார்க்காதே, பெற்றுக்கொண்டேன் என்று அறிக்கை செய், அப்போது உடம்பு அதற்கு இணங்கும். இந்தக் கணக்கைக் கொஞ்சம் நிதானமாகப் போட்டுப் பாருங்கள். தேவன் தர மறுப்பதே இல்லை. விலை முழுவதும் கட்டியாகிவிட்டது. வாக்குத்தத்தத்தில் விதிவிலக்கு இல்லை. அப்படியானால் சுகம் வராததற்குக் காரணமாக மிச்சம் நிற்பது யார்? படுக்கையில் கிடக்கிறவர் மட்டும்தான். எந்தப் போதகரும் கல்நெஞ்சர் என்பதால் இந்த முடிவுக்கு வருவதில்லை. கணக்கைப் போட்ட விதமே அங்கே கொண்டுபோய் விடுகிறது. மிகுந்த அன்புள்ளவர்கள்கூட அந்தப் பழியை நோயாளியின் மடியில் வைத்துவிட்டுப் போவதை நான் பார்த்திருக்கிறேன்.

ஒரு பெரிய கூட்டத்தில் வலி குறைந்தவர்கள் கையைத் தூக்கச் சொன்னார்கள். தூக்கினேன். குறைந்துதான் இருந்தது. பாட்டும் ஜனமும் எதிர்பார்ப்பும் ஒன்றுசேர்ந்தால் வலி தணியும். வலியை உணர்வதில் மூளைக்கு அவ்வளவு பங்கு இருக்கிறது. சில நாளில் வலி பழையபடி வந்ததைச் சொன்னபோது எனக்குக் கிடைத்த பதில்: "சுகத்தைப் பெத்துக்கிட்டீங்க, காத்துக்கத் தெரியல. பிசாசு திருடிட்டான்." ஆக, சுகம் வந்தால் மகிமை கூட்டத்துக்கு, போனால் குற்றம் எனக்கு.

இந்த இடத்தில்தான் சுவிசேஷங்களை வேறொரு கண்ணோடு வாசிக்கத் தொடங்கினேன். ஒவ்வொரு சுகத்திலும் விசுவாசம் யாரிடம் இருந்தது என்று மட்டும் பார்த்தேன். கூரையைப் பிரித்துத் திமிர்வாதக்காரனை இறக்கிய கதையில், "அவர்கள் விசுவாசத்தைக் கண்டு" என்று எழுதியிருக்கிறது. சுமந்து வந்தவர்களை விட்டுவிட்டு அதை வாசிக்கவே முடியாது. படுத்திருந்தவன் ஒரு வார்த்தையும் பேசுவதில்லை. நூற்றுக்கு அதிபதியின் வேலைக்காரன் வேறெங்கோ வீட்டில் கிடக்கிறான், விசுவாசம் எஜமானுடையது. கானானிய ஸ்திரீயின் மகள், யவீருவின் மகள் கதைகளில் மல்லுக்கு நிற்பது தாயும் தகப்பனும். பெதஸ்தா குளத்தருகே 38 வருஷம் கிடந்தவனிடம் "சொஸ்தமாகவேண்டுமென்று விரும்புகிறாயா" என்று கேட்டால், ஆம் என்றுகூடச் சொல்லாமல், தன்னைக் குளத்தில் இறக்கிவிட ஆளில்லை என்று புலம்புகிறான். எழுந்து நடந்த பிறகும் தன்னைக் குணமாக்கினவர் யாரென்று அவனுக்குத் தெரியாது. பிரதான ஆசாரியனுடைய வேலைக்காரன் மல்குஸ் இன்னும் மோசம். அவன் வந்ததே இயேசுவைப் பிடிக்க. அறுந்த காதைத் தொட்டுக் குணமாக்கினார். அவனிடம் என்ன விசுவாசம் இருந்திருக்கும்?

இயேசு வளர்ந்த ஊரான நாசரேத்தைச் சொல்வார்கள். அங்கே அவிசுவாசத்தினால் அவர் அநேக அற்புதங்களைச் செய்யவில்லை என்பது உண்மை. ஆனால் மாற்கு எழுதியதை முழுசாக வாசிக்க வேண்டும். இவன் தச்சன் அல்லவா என்று இடறலடைந்தது ஊர்க்காரர்கள். அதே ஊரில் சில நோயாளிகள்மேல் அவர் கைகளை வைத்துக் குணமாக்கினார் என்றும் அங்கேயே எழுதியிருக்கிறது. அவிசுவாசம் ஊர்க்காரர்களுடையது, நோயாளிகளோ சுகம் பெற்றார்கள்.

எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது, சீஷர்களால் குணமாக்க முடியாமல்போன அந்தப் பையனின் கதை. மறுரூப மலையிலிருந்து இயேசு இறங்கி வருகிறார். கீழே கூட்டம், வாக்குவாதம், அழுகிற தகப்பன். "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்கிறான் அவன். அரைகுறை விசுவாசம்தான், அதை மறைக்கவும் இல்லை. பையன் குணமாகிறான். பிறகு சீஷர்கள் தனியே வந்து, எங்களால் ஏன் முடியவில்லை என்று கேட்கிறார்கள். மத்தேயு 17-ல் பதில்: "உங்கள் அவிசுவாசத்தினாலேதான்." உங்கள் என்றது ஜெபிக்கப் போனவர்களை. பையனையும் சொல்லவில்லை, தகப்பனையும் சொல்லவில்லை. ஒரு சுகமளிக்கும் கூட்டத்தில் சுகம் நடக்காதபோது பழி எங்கே போக வேண்டும் என்பதற்கு நேரடியான வேத உதாரணம் இது ஒன்றுதான் என்பேன். மேடையில் இதை எத்தனை பேர் பிரசங்கித்துக் கேட்டிருக்கிறீர்கள்?

எனக்கு எதிரான வசனங்களும் இருக்கின்றன, தாண்டிப் போகக் கூடாது. 12 வருஷம் உதிரப்போக்குள்ள பெண்ணிடம் "மகளே, உன் விசுவாசம் உன்னை இரட்சித்தது" என்றார். இரண்டு குருடரிடம் "உங்கள் விசுவாசத்தின்படி உங்களுக்கு ஆகக்கடவது" என்றார். பெதஸ்தா மனிதனை மறுபடி கண்டபோது, அதிக கேடானதொன்றும் வராதபடி இனிப் பாவஞ்செய்யாதே என்றார். கொரிந்து சபையில் அநேகர் பலவீனராயிருப்பதற்கு அவர்கள் திருவிருந்தில் நடந்துகொண்ட விதமே காரணம் என்று பவுல் எழுதுகிறார். ஆகவே நோய்க்கும் பாவத்துக்கும் ஒரு காலமும் சம்பந்தமில்லை, விசுவாசத்துக்கும் சுகத்துக்கும் சம்பந்தமில்லை என்று நான் சொல்ல முடியாது. ஆனால் ஒன்று கவனியுங்கள். சுகமானவர்களைப் பார்த்து "உன் விசுவாசம்" என்று அவர் பாராட்டியிருக்கிறார். உன் விசுவாசம் போதவில்லை, போய்விட்டுப் பிறகு வா என்று ஒரு நோயாளியையாவது திருப்பி அனுப்பினதாக நான்கு சுவிசேஷங்களிலும் இல்லை. பிறவிக் குருடனைக் கண்டு "இது யார் செய்த பாவம்" என்று சீஷர்கள் கேட்டபோது, இவனுமல்ல இவனைப் பெற்றவர்களுமல்ல என்று அந்த விசாரணையையே மூடிவிட்டார். பாவத்தோடு தொடர்புபடுத்தும் உரிமை அவரிடம் இருந்தது. நம்மிடம் அது இருப்பதாக யார் சொன்னது?

தழும்புகள் வசனத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். "அவருடைய தழும்புகளால் குணமானீர்கள்" என்று பேதுரு எழுதுவது, காரணமில்லாமல் எஜமான்களிடம் அடிவாங்கிய வேலைக்காரர்களுக்கு. அந்தப் பகுதி முழுக்கப் பாவத்தையும் சிதறிப்போன ஆடுகளையும் பற்றிப் பேசுகிறது. அவர்கள் முதுகிலும் தழும்பு இருந்தது. அதை வைத்துத்தான் பேதுரு அவர்களைத் தேற்றுகிறார். மாத்திரையை நிறுத்துவதற்கான சீட்டாக அதைப் பயன்படுத்துவதைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது.

நிருபங்களுக்கு வந்தால் படம் இன்னும் தெளிவாகிறது. எபேசுவில் பவுலின் உடம்பிலிருந்து கொண்டுபோன உறுமால்களையும் கச்சைகளையும் போட்டாலே வியாதிகள் நீங்கின என்று அப்போஸ்தலர் 19-ல் வாசிக்கிறோம். அந்த எபேசுவைச் சேர்ந்தவன்தான் துரோப்பீமு. அப்போஸ்தலர் 21 அவனை அப்படித்தான் அறிமுகம் செய்கிறது. பவுலோடு பயணம் செய்தவன். பவுலின் கடைசி நிருபத்தின் முடிவில் அவனைப் பற்றி ஒரு வரி: "துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதிப்பட்டவனாக விட்டுவந்தேன்." மிலேத்து எபேசுவுக்குத் தூரமில்லை. உறுமால் எங்கே போனது? விளக்கம் இல்லை, மன்னிப்பும் இல்லை, துரோப்பீமுவின் விசுவாசத்தைப் பற்றிய குறிப்பும் இல்லை. வியாதி இருந்தது, விட்டுவந்தேன், அவ்வளவுதான். இந்த வரியை நான் மிகவும் நேசிக்கிறேன். தீமோத்தேயுவுக்கு அடிக்கடி வயிற்று உபாதை. பவுல் சொன்ன யோசனை கொஞ்சம் திராட்சரசம். எப்பாப்பிரோதீத்து சாகக் கிடந்து பிழைத்தபோது பவுல் எழுதியது, தேவன் அவனுக்கு இரங்கினார், எனக்கும் இரங்கினார் என்று. உரிமையைப் பெற்றுக்கொண்டான் என்ற தொனியே அதில் இல்லை. பவுலுக்கே மாம்சத்தில் ஒரு முள். மூன்றுதரம் கேட்டார். "என் கிருபை உனக்குப்போதும்" என்ற பதில் வந்த பிறகு, முள் போய்விட்டது என்று அறிக்கை செய்யவில்லை. முள் இருக்கிறது என்று சபைக்கே எழுதினார்.

மருத்துவரிடம் போவதே அவிசுவாசம் என்ற பேச்சுக்கு அதிக நேரம் கொடுக்க வேண்டியதில்லை. ஆசா ராஜா கர்த்தரைத் தேடாமல் பரிகாரிகளையே தேடினான் என்ற வசனம் அவர்களுக்கு ஒரு ஆயுதம். அதே யூதா ராஜாக்களின் சரித்திரத்தில் எசேக்கியா ராஜாவுக்குத் தீர்க்கதரிசி ஏசாயா வாக்குத்தத்தமும் கொடுத்தார், அத்திப்பழத்து அடையைப் பிளவையின்மேல் பற்றுப்போடவும் சொன்னார். கத்தோலிக்க வேதாகமத்தில் உள்ள சீராக்கின் ஞானம் 38-ஆம் அதிகாரம் மருத்துவரை மதிக்கச் சொல்லி, ஜெபத்தையும் மருந்தையும் அடுத்தடுத்து வைத்துப் பேசுகிறது. உதிரப்போக்குள்ள பெண் வைத்தியர்களால் மிகவும் வருத்தப்பட்டு இன்னும் மோசமானாள் என்று மாற்கு வெட்டவெளிச்சமாக எழுதுகிறார். லூக்காவோ ஒருவராலும் குணமாக்க முடியவில்லை என்பதோடு நிறுத்திக்கொள்கிறார். லூக்கா வைத்தியர் ஆயிற்றே, தொழில் பாசம் என்று நினைத்துச் சிரித்துக்கொள்வேன்.

ஆனால் மருத்துவரே வேண்டாம் என்ற அந்தப் பேச்சின் விலை சிரிப்புக்குரியது அல்ல. ஜான் அலெக்சாண்டர் டவி என்ற சுகமளிக்கும் ஊழியர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் இல்லினாய்ஸ் மாநிலத்தில் சீயோன் என்றே ஒரு நகரத்தைக் கட்டினார். அங்கே மருத்துவருக்கும் மருந்துக்கும் இடமில்லை. 1902-ல் அவருடைய சொந்த மகள் தீக்காயத்தில் இறந்தாள். 1905-ல் அவரே பக்கவாதத்தில் விழுந்தார், 1907-ல் இறந்தார். இதை எழுதுவது அவரைக் கேலி செய்ய அல்ல. மகளைப் பறிகொடுத்த தகப்பனை யார் கேலி செய்வார்கள்? 1973-ல் கலிபோர்னியாவில் நீரிழிவு உள்ள 11 வயதுப் பையன் ஒருவனுக்கு சுகமளிக்கும் ஆராதனையில் ஜெபித்தார்கள். சுகமாகிவிட்டான் என்று அறிக்கை செய்து, பெற்றோர் இன்சுலினை நிறுத்தினார்கள். பையன் துடித்தபோது அது பிசாசின் பொய்யான அறிகுறி என்று எடுத்துக்கொண்டார்கள். இறந்துபோனான். நீதிமன்றம் அவர்களைக் குற்றவாளிகள் என்றது. அவர்கள் பிள்ளையை வெறுத்தவர்கள் இல்லை. கற்றுக்கொடுத்ததை அப்படியே, ஒரு எழுத்துக் குறையாமல் செய்தவர்கள்.

கத்தோலிக்கர்களிடம் இந்த விஷயத்தில் ஒரு நிதானம் இருக்கிறது. பெந்தெகொஸ்தே வாசனையில் வளர்ந்த எனக்கு அது பொறாமையாகக்கூட இருக்கும். சுகம் தேடி ஜனங்கள் ஊற்றுத் தண்ணீருக்குப் போகிற பிரான்சின் லூர்து நகரில் 1883-லிருந்து மருத்துவர்கள் அமர்ந்து குணமடைந்ததாகச் சொல்பவர்களைப் பரிசோதிக்கிறார்கள். நோய் கடுமையானதா, தானாகத் தணியக்கூடியதா, வேறு சிகிச்சை காரணமாக இருக்குமா, சுகம் சடுதியில் வந்ததா, முழுமையானதா, நிலைத்ததா என்று கேட்கிறார்கள். பதினெட்டாம் நூற்றாண்டில், பின்னாளில் பதினான்காம் பெனடிக்ட் போப்பான லம்பெர்த்தினி வகுத்த அளவுகோல் இது. ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட குணங்கள் பதிவாகியிருக்கும் இடத்தில், 2018-ல் அற்புதம் என்று அறிவிக்கப்பட்டது 70-ஆவது. என் நோய் ஏறி இறங்கும் ரகம் என்பதால், நான் அங்கே போய் நன்றாகி வந்தாலும் முதல் மேசையிலேயே என் கோப்பைத் திருப்பித் தந்துவிடுவார்கள்! இன்னொன்றும் அங்கே இருக்கிறது. 1858-ல் அங்கே மாதாவின் காட்சிகளைக் கண்ட பெர்னதெத் ஆஸ்துமாவோடு வாழ்ந்தவர். 35 வயதில் காசநோயால் இறந்தார். அந்த ஊற்றுக்கு உலகத்தையே வழிகாட்டியவருடைய நோய், அவர் விசுவாசத்துக்கு எதிரான சாட்சியாக அங்கே யாருக்கும் தோன்றவில்லை.

நோயில்பூசுதல் என்ற அருட்சாதனத்துக்கும் ஒரு கதை உண்டு. நூற்றாண்டுக்கணக்கில் அது சாகப்போகிறவர்களுக்கான அவஸ்தைபூசுதலாகவே இருந்தது. குருவானவர் எண்ணெயோடு வாசலில் நின்றால் நோயாளி நடுங்குவார். வீட்டார் கடைசி நிமிஷம்வரை அவரைக் கூப்பிடவே பயப்படுவார்கள். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-ல் இதைத் திருத்தச் சொல்லி, 1972-ல் புதிய முறை வந்தது. இப்போது கடும் நோயுள்ள எவரும், அறுவை சிகிச்சைக்கு முன்பும், கேட்டுப் பெறலாம்.

இந்த எண்ணெய் யாக்கோபு 5-லிருந்து வருகிறது, நம்முடையதும் அங்கிருந்துதான். அந்தப் பகுதியை வினைச்சொற்களை மட்டும் பிடித்துக்கொண்டு வாசித்துப் பாருங்கள். வியாதிப்பட்டவன் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று: மூப்பர்களை வரவழைக்க வேண்டும். வருவது அவர்கள், எண்ணெய் பூசுவது அவர்கள், ஜெபிப்பது அவர்கள். "விசுவாசமுள்ள ஜெபம் பிணியாளியை இரட்சிக்கும்" என்ற இடத்தில் அந்த ஜெபம் யாருடையது? வந்தவர்களுடையது. "அவன் பாவஞ்செய்தவனானால்" என்று ஒரு ஆனால் போட்டுத்தான் பாவமன்னிப்பையும் சொல்கிறார். பாவம் செய்தான் என்று எடுத்துக்கொள்ளவில்லை. காய்ச்சலில், வலியில், பயத்தில் கிடக்கிறவரிடம் விசுவாசத்தைத் திரட்டு என்று சொல்வது, கால் முறிந்தவரிடம் நடந்து வந்து கட்டுப் போட்டுக்கொள் என்பதைப் போன்றது. அது தெரிந்துதான் யாக்கோபு மூப்பர்களை வீட்டுக்கு அனுப்புகிறார்.

ஜெபத்தை அளந்து பார்க்க விஞ்ஞானிகளும் முயன்றிருக்கிறார்கள். அமெரிக்க மருத்துவர் ஹெர்பர்ட் பென்சன் குழு 2006-ல் வெளியிட்ட ஆய்வு பெரியது: இதய பைபாஸ் அறுவை செய்துகொண்ட 1,802 பேர். ஜெபிக்கப்படலாம், படாமலும் போகலாம் என்று சொல்லப்பட்ட இரண்டு குழுக்களில், ஜெபம் பெற்றவர்களுக்கு 52 சதவீதமும் பெறாதவர்களுக்கு 51 சதவீதமும் சிக்கல்கள் வந்தன. உங்களுக்காக நிச்சயம் ஜெபிக்கிறோம் என்று சொல்லப்பட்ட மூன்றாவது குழுவுக்கு 59. கர்த்தரைப் பரிசோதனைக் குழாயில் அடைக்க முடியாது என்று விசுவாசிகள் சொல்வார்கள், நானும் சொல்வேன். ஆனால் அந்த 59 என்னை யோசிக்க வைத்தது. தற்செயலாக இருக்கலாம். இருந்தாலும், எல்லோரும் உனக்காக ஜெபிக்கிறார்கள், நீ நன்றாகியே ஆக வேண்டும் என்ற எதிர்பார்ப்பு ஒரு நோயாளிக்கு என்ன செய்யும் என்பதை என் உடம்பு அறியும். ஞாயிற்றுக்கிழமை காலையில் வலியை மறைத்துக்கொண்டு சிரிப்பதும் ஒரு வேலைதான்.

ஆதிச்சபை இதை நம்மைவிட நேராகச் சந்தித்தது. கி.பி. 250-களில் வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகரை ஒரு கொள்ளைநோய் வாட்டியபோது, அவிசுவாசிகளைப் போலவே நமக்கும் ஏன் வருகிறது என்று கிறிஸ்தவர்கள் கலங்கினார்கள். ஆயர் சிப்ரியான் அவர்களுக்கு எழுதினார்: இந்த உடம்பில் இருக்கும்வரை மற்ற மனிதருக்கு வருவதெல்லாம் நமக்கும் வரும். மழை பெய்யாவிட்டால் நமக்கு மட்டும் விளையுமா என்ற ரீதியில் பேசுகிறார். அடுத்த நூற்றாண்டில் செசரியாவின் ஆயர் பசிலியு நோயாளிகளுக்கும் ஏழைகளுக்கும் குஷ்டரோகிகளுக்கும் ஊருக்கு வெளியே பெரிய இல்லம் ஒன்றைக் கட்டினார். அற்புதங்களை நம்பின அதே சபைதான் மருத்துவமனையையும் கட்டியது. இரண்டுக்கும் நடுவில் முரண்பாடு இருப்பதாக அவர்களுக்குத் தோன்றவில்லை.

நம் காலத்திலும் நேர்மையானவர்கள் உண்டு. இங்கிலாந்தின் ஆங்கிலிக்கன் போதகர் டேவிட் வாட்சனுக்குப் புற்றுநோய் வந்தபோது, சுகமளிக்கும் ஊழியத்துக்குப் பேர்போன ஜான் விம்பர் அமெரிக்காவிலிருந்து விமானமேறி வந்து ஜெபித்தார். இருவரும் நண்பர்கள், இருவரும் நம்பினார்கள். 1984-ல் வாட்சன் இறந்தார். விம்பர் ஜெபிப்பதை நிறுத்தவும் இல்லை, வாட்சனின் விசுவாசத்தைக் குறை சொல்லவும் இல்லை. சுகமளிக்கும் ஊழியம் செய்கிறவர்களிடம் நான் எதிர்பார்ப்பது இதைவிட அதிகம் இல்லை. தோற்ற ஜெபத்தைத் தோற்ற ஜெபம் என்று ஒப்புக்கொள்கிற தைரியம்.

சாட்சி நேரம் என்று ஒன்று வைத்திருக்கிறோம். சுகமானவர்கள் மைக்கைப் பிடிக்கிறார்கள். துரோப்பீமு வந்தால் அவருக்கு மைக் கொடுப்போமா? "வியாதியாத்தான் இருக்கேன், ஆண்டவர் கூட இருக்கார்" என்று ஒருவர் சொன்னால், உடனே "அடுத்த வாரம் சுகத்தோட வந்து சாட்சி சொல்லுவார், ஆமென்?" என்று மைக்கை வாங்கிவிடுகிறார்கள். இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அந்த "ஆமென்" கேட்டு, பேசினவர் முகம் சுருங்கியதையும் பார்த்தேன்.

பிள்ளைகளையும் சொத்தையும் இழந்து, உடம்பெல்லாம் பருக்களோடு கிடந்த யோபின் புத்தகத்தில் இதெல்லாம் ஏற்கெனவே நடந்து முடிந்துவிட்டது. நண்பர்கள் ஏழு நாள் பேசாமல் தரையில் உட்கார்ந்திருந்த வரைக்கும் நன்றாகத்தான் இருந்தார்கள். வாயைத் திறந்ததும் கெட்டது. "குற்றமில்லாமல் அழிந்தவன் உண்டோ?" என்கிறான் எலிப்பாஸ். யோபு திருப்பிக் கொடுக்கிறான்: "நீங்களெல்லாரும் காரியத்துக்குதவாத வைத்தியர்கள்." புத்தகத்தின் முடிவில் தேவன் அந்த நண்பர்களிடம், நீங்கள் என்னைக்குறித்து நிதானமாய்ப் பேசவில்லை என்கிறார். அதற்குப் பரிகாரமாக அவர் சொல்வதை நாம் கவனிப்பதே இல்லை. யோபு உங்களுக்காக வேண்டுதல் செய்வான் என்கிறார். யோபின் பருக்கள் ஆறியதாக அதற்கு முன் ஒரு வரியும் கிடையாது. சுகமாயிருக்கிறவர்கள் நிற்க, சாம்பலில் உட்கார்ந்திருக்கிற நோயாளி அவர்களுக்காக ஜெபிக்கிறான். தன் சிநேகிதருக்காக வேண்டுதல் செய்தபோதுதான் அவன் சிறையிருப்பு, அதாவது அந்தத் துன்பநிலை, மாறியது.

இவ்வளவு காலத்தில் எனக்காக ஜெபிக்க வந்தவர்களில், "எனக்காகவும் ஜெபிங்க சிஸ்டர்" என்று கேட்டவர்கள் மிகக் குறைவு. நோயாளி எப்போதும் ஜெபக்குறிப்பில் ஒரு பெயர், ஜெபிக்கிறவர்கள் பட்டியலில் இல்லை. இதை எங்கள் மூப்பர் ஒருவரிடம் சொன்னேன். அவர் வாதம் செய்யவில்லை. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, வியாதியஸ்தரைப் பார்க்கப் போகிற குழுவில் உங்களையும் போடட்டுமா, படி ஏற முடியுமா என்று கேட்டார். தரைத்தளமாக இருந்தால் வருகிறேன் என்றேன். இப்போது போய்க்கொண்டிருக்கிறேன். ஜெபித்து முடித்ததும் படுக்கையில் இருப்பவரிடம் எனக்காக ஜெபிக்கச் சொல்லிக் கேட்பதை வழக்கமாக்கிக்கொண்டேன். சிலர் திகைக்கிறார்கள். சிலர் மறுக்கிறார்கள். டயாலிசிஸில் இருக்கிற ஒரு ஐயா மட்டும் நான் கேட்டு முடிக்கும் முன்பே ஆரம்பித்துவிட்டார். என் முட்டியில் தொடங்கி, என் தம்பி வேலை, மூப்பரின் ரத்த அழுத்தம் என்று ஒன்றையும் விடவில்லை, நாங்கள்தான் நேரமாகிறது என்று எழுந்தோம்.